முதல் உலகப்போர் கவிதைப் புத்தகங்கள்: 'முதல் பதிப்பு'ன்னு சொன்னா உடனே நம்பாதீங்க, பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

உங்க கேள்வி இதுதான்: முதல் உலகப்போர் காலத்து ஆங்கிலக் கவிதைப் புத்தகங்களை அந்தக் காலத்துப் பிரதியாவே சேக்கணும்னு ஆசை, கையில பெரிய பணம் இல்ல, ரூபர்ட் ப்ரூக்கோட '1914 அண்ட் அதர் போயம்ஸ்' 1915னு வருஷம் போட்ட பிரதி ஒண்ணு ஆன்லைன்ல 'முதல் பதிப்பு'ன்னு விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா, அடுத்து எதைத் தேடணும். புத்தகத்தை வாங்கலாம், தாராளமா வாங்குங்க, ஆனா தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தோட போட்டோ பாக்காம முதல் பதிப்பு விலை மட்டும் குடுத்துடாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பல வருஷமா இதே வேலையா இருக்கிறதால எனக்கு இதைச் சுருக்கமா சொல்ல வராது.

ப்ரூக் அந்தப் புத்தகத்துல இருக்கிற போர் சானெட் (பதினாலு வரிக் கவிதை) அஞ்சையும் 1914 கடைசியில எழுதினாரு. அது முதல்ல 'நியூ நம்பர்ஸ்'னு நாலு கவிஞர்கள் சேந்து நடத்தின ஒரு சின்னப் பத்திரிகையில வந்துச்சு, மொத்தமே நாலு இதழ்தான் வந்த பத்திரிகை, இந்த சானெட்டுங்க இருக்கிறது நாலாவது இதழ்ல. 1915 ஈஸ்டர் அன்னிக்கு லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல பிரசங்கத்துல 'தி சோல்ஜர்' கவிதையை வாசிச்சாங்க, அதே ஏப்ரல் 23ஆம் தேதி துருக்கியில இருந்த கலிப்போலி போர்முனைக்குப் போற வழியில ரத்தத்துல விஷம் ஏறி கிரேக்கத் தீவு ஸ்கைரோஸ் பக்கத்துல ஒரு பிரெஞ்சு மருத்துவக் கப்பல்ல அவர் செத்துப் போயிட்டாரு, 27 வயசு. டைம்ஸ் பத்திரிகையில சர்ச்சில் இரங்கல் எழுதினாரு. சிட்ஜ்விக் அண்ட் ஜாக்சன் புத்தகத்துல முதல் அச்சுன்னு போட்டது மே 1915. நாடே அவரைப் பத்திப் பேசிட்டு இருந்த நேரம், அதனால அச்சுக்கு மேல அச்சு போயிட்டே இருந்துச்சு, அந்த ஒரே வருஷத்துல இன்னும் பதினொரு தடவை அடிச்சாங்க, 1918 ஜூன்ல 24ஆவது அச்சுக்கு வந்துடுச்சு.

இப்ப புரியுதா, 1915னு வருஷம் போட்ட பிரதி ஆயிரக்கணக்குல உலகத்துல இருக்கு. விக்கிறவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரல. ஆங்கிலப் பதிப்புலகத்துல 'எடிஷன்'னா ஒரு தடவை அச்சுக் கோத்த எழுத்தை வச்சு அடிச்ச எல்லாமே ஒரே எடிஷன், அதுக்குள்ள ஒவ்வொரு தடவை மெஷின்ல ஏத்தி அடிக்கிறது ஒரு 'இம்ப்ரெஷன்'. நம்ம ஊர்ப் புத்தகங்கள்ல பதிப்பு, மறுபதிப்பு, மறு அச்சுன்னு மூணையும் ஒண்ணாவே கலந்து எழுதிட்டுப் போறதைப் பாத்துப் பழகின நமக்கு இது முதல்ல குழப்பமாத்தான் இருக்கும். அந்தக் கணக்குல பாத்தா எட்டாவது இம்ப்ரெஷனும் டெக்னிக்கலா 'ஃபர்ஸ்ட் எடிஷன்'தான். ஆனா சேகரிக்கிறவங்க 'முதல் பதிப்பு'ன்னு சொன்னா முதல் எடிஷனோட முதல் இம்ப்ரெஷனைத்தான் சொல்றாங்க, விலையும் அதுக்குத்தான். ப்ரூக் புத்தகத்துல இது ரொம்ப சுலபம், தலைப்புப் பக்கத்தைத் திருப்பினா பின்னாடி எந்த மாசம் எத்தனாவது அச்சுன்னு வரிசையா போட்டிருப்பாங்க. மே 1915 மட்டும் தனியா இருந்தா முதல் அச்சு. அதுக்குக் கீழ ஜூன், ஜூலைன்னு பட்டியல் நீண்டுச்சுன்னா கடைசியா எது இருக்கோ அதுதான் உங்க பிரதி. விக்கிறவர் அட்டை போட்டோவும் தலைப்புப் பக்கத்து போட்டோவும் மட்டும் போட்டுட்டு இந்தப் பக்கத்தைப் போடலன்னா கேட்டு வாங்குங்க, குடுக்கலன்னா விட்டுடுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், இதை நான் மனசாரச் சொல்றேன். ப்ரூக் விஷயத்துல பின்னாடி வந்த அச்சுப் பிரதிங்கதான் எனக்கு இன்னும் நெருக்கமா இருக்கு. பத்து இருபது பவுண்டுக்கே கிடைக்கும், யாரும் திரும்பிப் பாக்காத பிரதிங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, நீல காலிகோ துணி பைண்டிங், முதுகுல ஒட்டின காகித லேபிள் பழுப்பேறி பாதி எழுத்துப் போயிடுச்சு. உள்ள முன்பக்க வெத்துத் தாள்ல மையில ஒரு பேரு, அதுக்குக் கீழ 'கிறிஸ்துமஸ் 1915'. 'தி சோல்ஜர்' இருக்கிற பக்கத்துல முதல் மூணு வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு இழுத்திருக்கு, மெல்லிசா, ஸ்கேல் வைக்காம கையாலயே. அந்தக் கவிதை முடியிற இடத்துல வேற ஒரு கையெழுத்துல, வேற மையில, 1917 ஏப்ரல்ல ஒரு தேதி. வேற ஒரு வார்த்தை கூட இல்ல. யாரு எழுதினாங்க, அந்தத் தேதியில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா 1917 ஏப்ரல்னா அராஸ் சண்டை நடந்த மாசம். முதல் அச்சு சுத்தமான பிரதி ஒண்ணு ஒரு நண்பர் வீட்டுல பாத்திருக்கேன், அழகா இருந்துச்சு, ஆனா நான் எடுத்து எடுத்துப் பாக்கிறது இதைத்தான்.

அதனால நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான், போர்க் கவிதையில 'முதல்'ங்கிற வார்த்தையை விட 'எப்ப'ங்கிற கேள்வி பெருசு. மத்த கவிதைப் புத்தகம்னா வருஷம் ஒரு தகவல், அவ்வளவுதான். இங்க வருஷம்தான் கவிதைக்குப் பாதி அர்த்தம். 1914ல என்ன சொல்ல முடிஞ்சுது, 1916 ஜூலை 1ஆம் தேதி பிரான்ஸ்ல சோம் சண்டையில ஒரே நாள்ல பிரிட்டிஷ் படையில 57,470 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனதுக்கப்புறம் என்ன சொல்ல முடிஞ்சுது, எதையெல்லாம் போர் முடிஞ்சப்புறம்தான் அச்சுல பாக்க முடிஞ்சுதுன்னு அலமாரியில புத்தகங்களை மாச வரிசையில அடுக்கினாலே தெரியும். முதல் அச்சு கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா போர் முடிஞ்ச 1918 நவம்பர் 11க்கு முன்னாடி அச்சான பிரதி எதுவா இருந்தாலும் அது அந்தக் காலத்து மனுஷங்க கையில இருந்த பிரதி, அதைத் தேடுங்க. இந்த ஒரு கணக்கை வச்சுக்கிட்டா கம்மி பணத்துல நல்ல சேகரிப்பு பண்ணலாம்.

உதாரணத்துக்கு சார்ல்ஸ் சோர்லி. 1915 அக்டோபர் 13 லூஸ் சண்டையில 20 வயசுல குண்டடி பட்டு செத்தாரு. ப்ரூக் தன் தியாகத்தையே பெருசா பாக்குறாருன்னு அப்பவே, 1915லயே, கடிதத்துல எழுதின ஆளு இவரு. அவர் கவிதைகளை அப்பா அம்மா தொகுத்து கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ்ல 'மார்ல்பரோ அண்ட் அதர் போயம்ஸ்'னு 1916 ஜனவரியில கொண்டு வந்தாங்க. அதே வருஷத்துலயே ரெண்டாம் பதிப்பு, மூணாம் பதிப்பு வந்துடுச்சு, மூணாவதுல அவர் கடிதங்கள்ல இருந்து பகுதிகளையும் சேத்தாங்க. இங்க பாருங்க, இது மறு அச்சு இல்ல, உள்ளடக்கமே மாறின பதிப்பு, அதனால முதல் பதிப்பு கிடைக்காதவங்க மூணாம் பதிப்பை வாங்கினா குறைச்சலா ஒண்ணும் வாங்கல, வேற ஒரு புத்தகத்தை வாங்குறாங்க. ப்ரூக்கையும் சோர்லியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சீங்கன்னா ஒரு வருஷத்துக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியும்.

ராணுவ அதிகாரியா போர்முனையில இருந்த கவிஞர் சீக்ஃப்ரீட் சசூனுக்கு வருவோம். 'தி ஓல்ட் ஹன்ட்ஸ்மன்' 1917 மே மாசம், ஹைன்மன் பதிப்பகம். ரெண்டு மாசம் கழிச்சு அவர் போரை எதிர்த்து அறிக்கை விட்டாரு, ஜூலை 30 அதைப் பார்லிமென்ட்லயே வாசிச்சாங்க, கோர்ட் மார்ஷல் பண்ணாம மனநிலை சரியில்லன்னு சொல்லி எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. அங்கதான் இன்னொரு போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் இருந்தாரு. ஓவன் முதல் தடவை சசூன் ரூமுக்குப் போனப்ப கையில 'ஓல்ட் ஹன்ட்ஸ்மன்' பிரதிகளை எடுத்துட்டுப் போயி கையெழுத்து கேட்டிருக்காரு. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையோட முக்கியமான ஒரு சந்திப்பு, அது புத்தகத்துல கையெழுத்து வாங்கப் போனதுல ஆரம்பிச்சிருக்கு, எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

சசூனோட அடுத்த புத்தகம் 'கவுண்டர்-அட்டாக்' 1918 ஜூன்ல வந்துச்சு, இது காகித அட்டை. காகித அட்டைப் புத்தகம்னா ஒரு பெரிய ஆபத்து இருக்கு, வாங்கினவங்க பின்னாடி துணி அட்டை போட்டு பைண்ட் பண்ணும்போது பழைய அட்டையைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. எனக்கு ஆரம்பத்துல இது நடந்துச்சு, 'முதல் பதிப்பு, நல்ல கண்டிஷன்'னு போட்டிருந்ததை நம்பி பணம் கட்டினேன், பார்சலைப் பிரிச்சா பச்சைத் துணி பைண்டிங், ஓரமெல்லாம் வெட்டி சமப்படுத்தி, அட்டை முன்னும் இல்ல பின்னும் இல்ல. உள்ள இருந்த தாள் 1918தான், அதுல பொய் இல்ல, ஆனா புத்தகத்தோட பாதி போயிடுச்சு. விக்கிறவர்கிட்ட கேட்டா விவரத்துல பைண்டிங் பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னு பதில் வந்துச்சு. அன்னிலருந்து நான் கேக்குற முதல் கேள்வி "ஒரிஜினல் அட்டை இருக்கா, முதுகு ஒரிஜினலா" அப்படிங்கிறது, அதுக்கப்புறம்தான் வருஷம். அமெரிக்காவுல டட்டன் போட்ட 1918 பதிப்பும் இருக்கு, அதுல ராபர்ட் நிக்கல்ஸ் முன்னுரை எழுதியிருப்பாரு, லண்டன் பதிப்பை விட பொதுவா விலை கம்மி, போர் முடியிற வருஷத்துப் பிரதிதான் அதுவும்.

ஓவன் விஷயம் வேற மாதிரி. உயிரோட இருந்தப்ப அச்சுல வந்தது மொத்தமே அஞ்சு கவிதை, அதுல ரெண்டு அவரே எடிட் பண்ணின மருத்துவமனைப் பத்திரிகை 'தி ஹைட்ரா'வுல பேர் போடாம வந்தது, மூணு 'தி நேஷன்' பத்திரிகையில. 1918 நவம்பர் 4 சாம்பர் கால்வாய் சண்டையில செத்தாரு, போர் முடிய ஒரு வாரம் இருந்துச்சு. ஷ்ரூஸ்பரியில போர் முடிஞ்ச சந்தோஷத்துல மணி அடிச்சுட்டு இருக்கும்போது அம்மா அப்பாவுக்குத் தந்தி வந்துச்சு. அடுத்த வருஷம் சிட்வெல் குடும்பத்தார் நடத்தின 'வீல்ஸ்'ங்கிற தொகுப்போட 1919 வரிசையை ஓவன் நினைவுக்குச் சமர்ப்பணம் பண்ணி ஏழு கவிதை போட்டாங்க, 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' உட்பட. முதல் புத்தகம் 'போயம்ஸ்' 1920 டிசம்பர்ல சாட்டோ அண்ட் விண்டஸ், 23 கவிதை, சசூன் முன்னுரை, ஈடித் சிட்வெல் திரைக்குப் பின்னாடி நிறைய வேலை செஞ்சிருக்காங்க. சிவப்புத் துணி பைண்டிங், உள்ள முன்னாடி ராணுவ உடையில ஓவன் படம்.

இந்த 1920 பிரதி ஆயிரக்கணக்கான பவுண்ட், அட்டைக்கு மேல சுத்தி வர்ற மேல்தாளோட கிடைச்சா அதுக்கு மேல எங்கயோ போயிடும். நம்ம பட்ஜெட்டுக்கு வராது, அதுக்காகச் சேகரிப்புல ஓவன் இல்லாமப் போக வேண்டியதில்ல. ரெண்டு வழி சொல்றேன். ஒண்ணு 'வீல்ஸ்' 1919, இது சுலபம் இல்ல ஆனா 1920 புத்தகத்தோட ஒப்பிட்டா கைக்கு எட்டும், அச்சுல 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' முதல்ல எப்படி இருந்துச்சுன்னு கையில வச்சுப் பாக்கலாம். ரெண்டாவது 1931ல எட்மண்ட் பிளண்டன் கொண்டு வந்த பதிப்பு, நிறைய கவிதையும் ஓவனைப் பத்தின நீளமான நினைவுக் குறிப்பும் சேத்தது. அடுத்த தலைமுறைக் கவிஞர்கள் பெரும்பாலும் ஓவனைப் படிச்சது இதுல இருந்துதான். 'முதல்' இல்லன்னு இதை ஒதுக்குறவங்களைப் பாக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கும். பிளண்டனும் அந்தப் பதுங்குகுழியில கிடந்து வந்த ஆளுதான்.

அடுத்து ஐசக் ரோசன்பர்க். ஏழை யூதக் குடும்பம், லண்டன் ஈஸ்ட் எண்ட். 1912ல 'நைட் அண்ட் டே'ன்னு ஒரு சின்னப் பிரசுரத்தைக் கைக்காசு போட்டு நரோடிஸ்கிங்கிற ஈஸ்ட் எண்ட் அச்சுக்காரர்கிட்ட 50 பிரதி அடிச்சாரு, 1915ல 'யூத்', 1916ல 'மோசஸ்', எல்லாமே அதே மாதிரி சின்னச் சின்னதா. 1918 ஏப்ரல் 1 செத்தாரு. முழுசா ஒரு புத்தகம் 1922லதான், கார்டன் பாட்டம்லி தொகுத்து லாரன்ஸ் பின்யன் நினைவுக் குறிப்போட ஹைன்மன் போட்டது. அந்தச் சின்னப் பிரசுரங்கள் எதையும் நான் கண்ணால கூட லைப்ரரி கண்ணாடிக்குள்ளதான் பாத்திருக்கேன், அதைத் தேடி நேரம் செலவு பண்ண வேண்டாம். ஆனா ரோசன்பர்க்கை போர்க்காலத்து அச்சுல புடிக்க வழி இருக்கு, பத்திரிகை. 'பிரேக் ஆஃப் டே இன் தி ட்ரென்ச்சஸ்' முதல்ல வந்தது சிகாகோவுல இருந்து வர்ற 'போயட்ரி' பத்திரிகையோட 1916 டிசம்பர் இதழ்ல. பத்திரிகைங்களைப் பெரும்பாலானவங்க கண்டுக்கிறதே இல்ல, புத்தகம்தான் வேணும்னு நிப்பாங்க, ஆனா போர்க் கவிதையோட நிஜமான முதல் அச்சு பெரும்பாலும் பத்திரிகையிலதான் இருக்கு. பின்யனோட 'ஃபார் தி ஃபாலன்' டைம்ஸ்ல 1914 செப்டம்பர் 21, ஜான் மக்ரேயோட 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' பஞ்ச்ங்கிற நகைச்சுவைப் பத்திரிகையில 1915 டிசம்பர் 8, பேரு கூட போடாம. பஞ்ச் இதழை அரை வருஷத்துக்கு ஒரு வால்யூமா பைண்ட் பண்ணி வித்தாங்க, அது பழைய புத்தகக்காரங்ககிட்ட மலிவா கிடைக்கும், அந்தக் கவிதை உள்ள இருக்குன்னு விக்கிறவருக்கே பல நேரம் தெரியாது. உலகத்துலயே அதிகமா வாசிக்கப்பட்ட போர்க் கவிதைகள்ல ஒண்ணோட முதல் அச்சு, சுத்தி கார்ட்டூனுமா, அதை அப்படியே பாக்கிற அனுபவம் புத்தகத்துல வராது.

பட்ஜெட் கம்மின்னு சொன்னதால நான் முதல்ல வாங்கச் சொல்றது 'ஜார்ஜியன் போயட்ரி' தொகுப்புல 1916-1917 வால்யூம். எட்வர்ட் மார்ஷ் தொகுத்து ஹெரால்ட் மன்ரோவோட போயட்ரி புக்‌ஷாப் போட்டது, 1917 கடைசியில வந்துச்சு. சசூன், கிரேவ்ஸ், நிக்கல்ஸ் எல்லாரும் உள்ள இருக்காங்க, ரோசன்பர்க்கோட ஒரு சின்னப் பகுதியும் இருக்கு. அந்த வரிசை நல்லா வித்த வரிசைங்கிறதால பிரதிங்க நிறைய, அதனால மலிவு. இதுலயும் பின்பக்கத்தைப் பாருங்க, எத்தனாவது ஆயிரம்னு போட்டிருப்பாங்க. ஒரே புத்தகத்துல போர் நடுவுல அச்சான இத்தனை பேர், ஆரம்பிக்க இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியல.

எட்வர்ட் தாமஸ் பத்தி ரெண்டு வரி. எட்வர்ட் ஈஸ்ட்வேங்கிற புனைபேர்ல எழுதினாரு, 1916ல பேர் ட்ரீ பிரஸ் 'சிக்ஸ் போயம்ஸ்'னு 100 பிரதி அடிச்சுது, 1917ல செல்வின் அண்ட் பிளவுண்ட் 'போயம்ஸ்' 525 பிரதி. அராஸ்ல 1917 ஏப்ரல் 9 செத்தாரு, அந்தப் புத்தகத்தை அவர் பாக்கல. முன்னாடி அவர் படம் ஒண்ணு இருக்கணும், அந்தப் படத்தைக் கழட்டி பிரேம் போட எடுத்துட்டாங்கன்னா புத்தகம் முழுசு இல்ல. ஓவன் 1920லயும் அதே கதைதான், படமும் அதுக்கு மேல இருக்கிற மெல்லிசு தாளும் இருக்கான்னு கேளுங்க. 1918ல வந்த 'லாஸ்ட் போயம்ஸ்' இவரோட இன்னொரு புத்தகம், அதையும் கண்ல வச்சுக்குங்க.

இப்ப யாரும் சேக்காத பக்கத்துக்கு வர்றேன், எனக்கு இதுலதான் நெஞ்சு இருக்கு. கேத்தரின் ரெய்லின்னு ஒரு நூலகர் 1978ல முதல் உலகப்போர் ஆங்கிலக் கவிதைகளுக்கு ஒரு நூற்பட்டியல் போட்டாங்க, 2,225 பேர் போர்க் கவிதை எழுதி அச்சுல வந்திருக்காங்கன்னு கணக்கு எடுத்தாங்க, அதுல 532 பேர் பெண்கள். நாம பேரு சொல்றது எத்தனை பேர், பத்துப் பதினஞ்சு. மீதி ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரோட மெல்லிசு மெல்லிசு புத்தகங்கள் இன்னும் பெட்டிக்கடியில கிடக்கு. லண்டன்ல எர்ஸ்கின் மக்டோனல்டுங்கிற பேர்ல ஒரு பதிப்பகம் சிப்பாய்ங்க கவிதையா போட்டுத் தள்ளுச்சு, எழுதினவங்க குடும்பத்துக்கிட்டயே பணம் வாங்கிட்டு அடிச்ச புத்தகங்கள் அதுல நிறைய. கவிதை எல்லாமே நல்லா இருக்கும்னு நான் சொல்லல, பல புத்தகத்துல பத்துல ஒண்ணு தேறினா பெருசு, ஆனா அது இருபது வயசுப் பையன் எழுதி வச்சதை அம்மாவும் அப்பாவும் காசு குடுத்து அச்சடிச்ச புத்தகம், அந்தத் தாளை வேற எப்படிப் பாக்கச் சொல்றீங்க. இதே பதிப்பகம்தான் 1918ல வேரா பிரிட்டனோட 'வெர்சஸ் ஆஃப் எ வி.ஏ.டி.' போட்டுது, வி.ஏ.டி.ன்னா போர்க்காலத்துத் தன்னார்வ நர்ஸ், அந்த வேலை பாத்தப்ப எழுதின கவிதைங்க, அது இப்ப தேடப்படுற புத்தகம் ஆயிடுச்சு. மே வெடர்பர்ன் கேனனோட 'இன் வார் டைம்' 1917 பிளாக்வெல், ரோஸ் மெக்காலேயோட 'த்ரீ டேஸ்' 1919, இதெல்லாம் பெண்கள் எழுதினதுல நான் தேடச் சொல்றது. ஜெஸ்ஸி போப்போட 1915 புத்தகத்தையும் சேத்துக்குங்க, பசங்களைப் போருக்குப் போகச் சொல்லி எழுதின கவிதைங்க, ஓவன் 'டல்சே எட் டெகோரம் எஸ்ட்'ங்கிற போர் எதிர்ப்புக் கவிதையோட கையெழுத்துப் பிரதியில அவங்க பேருக்குத்தான் அதை எழுதியிருந்தாரு. ஓவன் எதுக்குப் பதில் சொன்னாருன்னு தெரிய எதிர்ப்பக்கத்துப் புத்தகமும் அலமாரியில இருக்கணும்.

வாங்கும்போது பாக்க வேண்டியதை ஓரளவு மேலயே சொல்லிட்டேன், விட்டுப்போனது கொஞ்சம். வருஷம் 1917னு போட்டு மலிவா வந்தா அது இப்ப ஸ்கேன் பண்ணி ஆர்டர் வந்தா அடிச்சுக் குடுக்கிற பிரிண்டா இருக்கலாம், அட்டை போட்டோ இல்லாத லிஸ்டிங்ல இது ரொம்ப சகஜம். மேல்தாள் இருந்தா அது ஒரிஜினலா கலர் ஜெராக்ஸான்னு கேளுங்க, ஒரிஜினல் தாள்ல மடிப்பு ஓரம் தேஞ்சு நார் தெரியும், காப்பியில புள்ளி புள்ளியா பிரிண்ட் தெரியும், லென்ஸ் வச்சுப் பாத்தா நிமிஷத்துல புரிஞ்சுடும். கவிஞர் கையெழுத்துப் போட்ட பிரதின்னா எங்கருந்து வந்துச்சுன்னு வரலாறு இல்லாம வாங்காதீங்க, ப்ரூக்கும் ஓவனும் இந்தப் புத்தகங்க வர்றதுக்கு முன்னாடியே செத்தவங்க, அதனால ப்ரூக்கோட '1914 அண்ட் அதர் போயம்ஸ்'லயோ ஓவனோட 1920 'போயம்ஸ்'லயோ அவங்க கையெழுத்துன்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. ப்ரூக்குக்கும் சசூனுக்கும் ஜெஃப்ரி கெய்ன்ஸ் போட்ட நூற்பட்டியல் இருக்கு, 1954, 1962. எந்த அச்சுல என்ன துணி, எத்தனை பக்கம், பின்னாடி விளம்பரத் தாள் உண்டா இல்லையான்னு எல்லாம் அதுல இருக்கும், லைப்ரரியில கிடைச்சா குறிப்பு எடுத்து வச்சுக்குங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற வெப்சைட்ல பல முதல் அச்சுப் பிரதிங்களோட ஸ்கேன் இலவசமா இருக்கு, வாங்கப் போற புத்தகத்தை முதல்ல அங்க பக்கம் பக்கமா புரட்டிப் பாருங்க, கண்ணு பழகிடும்.

வச்சுக்கிறது பெரிய வித்தை இல்ல. வெயில் படக் கூடாது, சிவப்புத் துணி முதுகு சீக்கிரம் வெளுத்துடும். ஈரம் ஆகாது, வெள்ளிப்பூச்சி லேபிள் பசையைத்தான் முதல்ல தின்னும். செலோடேப் எக்காரணம் கொண்டும் போடாதீங்க, பிவிசி கவரும் வேண்டாம், பாலியெஸ்டர் கவர் போதும். பழைய பென்சில் குறிப்பு, பேரு, தேதி எதையும் ரப்பர் வச்சு அழிக்காதீங்க, சுத்தமாக்குறேன்னு சிலர் இதைச் செஞ்சு வச்சிருக்கிறதைப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கு.

ரெண்டாம் உலகப்போரும் சேக்கலாமான்னு கடைசியில ஒரு வரி கேட்டிருந்தீங்க. சேக்கலாம், அதோட தாளே வேற. 1940ல தாளுக்கு ரேஷன் வந்துடுச்சு, அந்த டிசம்பர் 29 ராத்திரி குண்டுவீச்சுல லண்டன் பேட்டர்னோஸ்டர் ரோ தெருவே எரிஞ்சு அம்பது லட்சத்துக்கு மேல புத்தகம் சாம்பலாச்சு. 1942ல இருந்து போர்ச் சிக்கன விதி வந்து மார்ஜின் சுருங்கி, எழுத்து நெருங்கி, தாள் மெல்லிசாயிடுச்சு, சிங்கம் ஒண்ணு புத்தகத்து மேல உக்காந்த மாதிரி சின்ன முத்திரை இருக்கும். ஆலன் லூயிஸோட 'ரெய்டர்ஸ் டான்' 1942, சிட்னி கீஸோட 'தி அயர்ன் லாரல்' 1942, இதெல்லாம் கைக்கு அடக்கமான விலைதான். கீஸ் டுனீசியாவுல 1943 ஏப்ரல்ல 21 வயசு ஆகறதுக்கு முன்னாடி செத்தாரு, லூயிஸ் 1944 மார்ச்ல பர்மா எல்லையில. லூயிஸோட ரெண்டாவது கவிதைப் புத்தகம் 1945ல வந்துச்சு, இங்கிலாந்துலயும் கப்பல் பயணத்துலயும் இந்தியாவுலயும் எழுதின கவிதைங்க, முன்னுரை ராபர்ட் கிரேவ்ஸ், முதல் போர்ல செத்துட்டார்னு டைம்ஸ்லயே அறிவிச்சு பிழைச்சு வந்த அதே கிரேவ்ஸ். டி.எஸ். எலியட்டோட 'ஃபோர் குவார்டெட்ஸ்' அமெரிக்க முதல் அச்சு 1943ல 4,165 பிரதி அடிச்சு மார்ஜின் தப்பாயிடுச்சுன்னு பெரும்பகுதியை அழிச்சுட்டாங்க, 788தான் மிஞ்சுச்சு, அது நமக்கு எட்டாது, ஆனா அதே கவிதைங்க லண்டன்ல ஃபேபர் தனித்தனியா ஒரு ஷில்லிங் விலையில போட்ட சின்னப் பிரசுரங்களா இருக்கு, 1940ல இருந்து 1942 வரை நாலு, ஒவ்வொண்ணா தேடிச் சேத்துடலாம்.

இப்ப உங்க ப்ரூக். விக்கிறவருக்கு இன்னிக்கே எழுதி மூணு போட்டோ கேளுங்க: தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம், முன்னாடி இருக்கிற ப்ரூக் படம், முதுகு லேபிள். பின்பக்கத்துல மே 1915 மட்டும் இருந்தா அவர் கேக்குற விலையைப் பத்தி யோசிக்கலாம். கீழ இன்னும் மாசங்க இருந்தா அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்க, குறைக்கலன்னாலும் கவலை வேண்டாம், அந்தப் புத்தகம் அடுத்த வாரம் வேற ஒருத்தர்கிட்ட வரும். கேக்கும்போதே முன்பக்க வெத்துத் தாளையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, யாரோட பேராவது எழுதியிருக்கான்னு பாக்கணும்.